மூன்றாம் பத்தியும் திருவிருந்துப் பந்தியும்

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரல் 30 அன்று அறிவித்தது. அதிலிருந்து சபையார் சிலர், ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, கணக்கெடுக்க வந்தா மதத்துக்கு என்ன சொல்ல, சாதிக்கு என்ன சொல்ல?" கேட்பவர்கள் எல்லாரும் ஆதிதிராவிடக் குடும்பத்தார். மற்றவர்களுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. கிறிஸ்தவ நாடார் என்று எழுதிக் கொடுத்தாலும் இந்து நாடார் என்று எழுதிக் கொடுத்தாலும் தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர்தான். ஆதிதிராவிடர், தேவேந்திரகுலத்தார், அருந்ததியர் ஆகியோருக்கு மட்டும் 'கிறிஸ்தவர்' என்ற ஒரு சொல் பட்டியல் சாதி என்ற தகுதியையே பறித்து எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் எளியது. மதம் கிறிஸ்தவம் என்று சொல்லுங்கள், சாதியை உள்ளபடி சொல்லுங்கள். கணக்கெடுப்பில் சொல்வது வேறு, சாதிச் சான்றிதழ் வேறு. உண்மையான எண்ணிக்கை தெரிந்தால்தான் நாளை யாரும் நமக்காகப் பேச முடியும். ஆனால் இவ்வளவு எளிய பதிலைச் சொல்லவே ஒரு ஆயர் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. ஏன் இந்த நிலை வந்தது, இதில் அரசின் பங்கு எது, சபையின் பங்கு எது என்பதை விளக்கமாக எழுத நினைத்தேன்.

சட்டம் சொல்வது

அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவு, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்று அறிவிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுக்கிறது. அந்தப் பிரிவில் மதம் என்ற பேச்சே இல்லை. அதன்கீழ் 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான ஆணையின் மூன்றாம் பத்தியில்தான் மதம் நுழைந்தது. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகக் கருதப்பட மாட்டார் என்றது அந்தப் பத்தி. பஞ்சாபின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் அப்போது விலக்கு இருந்தது. 1956இல் பட்டியல் சாதிச் சீக்கியர் எல்லாரும் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள்.

இந்த விலக்கு சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பும் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1936இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையே இந்தியக் கிறிஸ்தவர்களை வெளியில் வைத்தது. இதற்கு நேர்மாறாகப் பழங்குடியினர் பட்டியலில் மத விலக்கே கிடையாது. நாகாலாந்தின் பாப்டிஸ்து கிறிஸ்தவரும் ஜார்க்கண்டின் கத்தோலிக்கரும் பழங்குடியினராகவே நீடிக்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் ஒருவருக்குச் சட்ட உரிமையைப் பறிக்கிறது, இன்னொருவருக்குப் பறிப்பதில்லை.

விளைவுகளை மூன்று இடங்களில் பார்க்கலாம். ஒன்றிய அரசின் வேலை, ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றில் பட்டியல் சாதிக்கான ஒதுக்கீடு கிடைக்காது. ஊராட்சி முதல் நாடாளுமன்றம் வரை தனித்தொகுதிகளில் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாதுகாப்புத் தராது. தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காட்டுக்குள் வருகிறார்கள். 'மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்' என்ற பெயரில் மாநில அரசு கல்வி உதவித்தொகையும் கொடுக்கிறது. அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் சேரியில் பிறந்த பிள்ளை, தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டும்.

மூன்றில் என் மனத்தை அதிகம் வதைப்பது வன்கொடுமைச் சட்டம்தான். ஒரே தெருவில் இரண்டு அண்ணன் தம்பி. ஒருவர் கோயிலுக்குப் போகிறார், ஒருவர் சபைக்கு வருகிறார். இருவரையும் ஒரே ஆள், ஒரே வசைச்சொல்லால், ஒரே நாளில் அவமானப்படுத்துகிறான். அண்ணன் புகார் கொடுத்தால் ஒரு சட்டம், தம்பி கொடுத்தால் வேறு சட்டம். 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முன் இப்படி ஒரு வழக்கு வந்தது. சாதி சொல்லித் திட்டி அடித்தார்கள் என்று புகார் கொடுத்தவர் ஒரு கிராமத்துப் பாஸ்டர். கிறிஸ்தவராகிவிட்டவர் பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இழந்துவிடுகிறார் என்று சொல்லி நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. திட்டியவர்கள் பார்த்தது அவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதை. சட்டம் பார்த்தது அவர் எந்த மதத்தில் இருக்கிறார் என்பதை.

சூசையின் வழக்கு

இந்தப் பிரச்சினையை ஒரே ஒரு வழக்கில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்றால் 1985ஆம் ஆண்டின் சூசை வழக்கைத்தான் படிக்க வேண்டும். சூசை சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளி. எழும்பூரில் காந்தி இர்வின் சாலையும் போலீஸ் கமிஷனர் அலுவலகச் சாலையும் சந்திக்கும் இடத்தில் நடைபாதையில் உட்கார்ந்து தொழில் செய்தவர். சாலையோரத்தில் செருப்புத் தைக்கிற பட்டியல் சாதியினருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை தரும் திட்டம் ஒன்று 1982இல் வந்தது. தொழில் அதே தொழில், வெயில் அதே வெயில். ஆனால் சூசை ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர் என்பதால் அவருக்குப் பெட்டி கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார்.

தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஆனால் நீதிபதிகள் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். மதம் மாறினால் சாதி மறைந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சாதியால் வந்த இழிவும் தடையும் புதிய மதச் சமூகத்துக்குள்ளும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றார்கள். கிறிஸ்தவச் சமூகத்தின் இன்றைய நிலையை விரிவாக ஆராய்ந்த, ஏற்கத்தக்க ஆய்வு எதுவும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றும் எழுதினார்கள். அந்த அடிப்படையில் மனு தள்ளுபடியானது.

அந்த வரியை எளிதாகக் கடந்து போக என்னால் முடியவில்லை. செருப்புத் தைத்த ஒரு மனிதரிடம் நீதிமன்றம் கேட்ட ஆதாரம் யாரிடம் இருந்தது? சபைகளிடம் இருந்தது. யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள், யார் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள், எந்தச் சாதியில் இருந்து எத்தனை பேர் குருமாரானார்கள் என்பது ஒவ்வொரு சேகரத்துக்கும் (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளுக்கு) தெரியும். பதிவேடுகள் பீரோவில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போய் வைப்பதற்கு நாங்கள் வெட்கப்பட்டோம். எங்கள் வெட்கத்தின் விலையைச் சூசை கொடுத்தார்.

பீரோவில் இருக்கும் ஆதாரம்

சபைக்குள் சாதி என்பது நேற்று வந்த நோய் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய சில பத்தாண்டுகளுக்குள்ளேயே லுத்தரன் சபைகளில் சாதிவாரியாக இடம் பிரித்து உட்கார்ந்தார்கள். 1733இல் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பல கிராமங்களில் சுவிசேஷம் சொல்லிச் சபைகளைக் கட்டியவர் இராஜநாயக்கன், படைவீரராக இருந்து உபதேசியாரானவர். அவர் பறையர். அவருடைய விசுவாசத்தையும் உழைப்பையும் மிஷனரிகள் வாயாரப் புகழ்ந்தார்கள். ஆனால் கடைசிவரை அவரைக் குருவாக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து அப்பம் வாங்க மற்றச் சாதியார் வரமாட்டார்கள் என்று பயந்தார்கள். வசனத்தை அவர் வாயால் கேட்கலாம், அப்பத்தை அவர் கையால் வாங்கக் கூடாது. தமிழ்ச் சபையின் முந்நூறு ஆண்டுச் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடப்பட வேண்டும் என்று எழுதினார். சேர்ந்து உட்கார வேண்டும், திருவிருந்துக்கு வேறுபாடின்றி வர வேண்டும். தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் இது பெரும் கொந்தளிப்பானது. பல மேல்சாதிக் குடும்பங்கள் சபையை விட்டு விலகின. சாதியை அவ்வளவு கடுமையாக எதிர்க்காத, ஜெர்மனியின் லுத்தரன் மிஷனான லைப்சிக் மிஷனோடு பிறகு பலர் சேர்ந்துகொண்டார்கள். விசுவாசத்தை விடவில்லை, சபையை மாற்றிக்கொண்டார்கள். சாதியை மட்டும் பத்திரமாகக் கூடவே எடுத்துப் போனார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் கதையும் வேறு இல்லை. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில், பீடத்தில் மட்டும் ஒன்றுசேரும் இரண்டு தனித்தனி நீள்கூடங்களாகக் கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு கூடம். தமிழ்நாட்டில் சாதியைக் கல்லில் எழுதிய கட்டடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதி பிரித்து ஓடிய சுவர் நம் காலத்தது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், தனி இடம், தனிக் கல்லறை என்று தங்களை ஒதுக்குவதாக ஆண்டுக்கணக்கில் முறையிட்டுச் சலித்த தலித் கத்தோலிக்கர், தங்களுக்குத் தனிப் பங்கு (தனிக் கோயில் நிர்வாகம்) வேண்டும் என்று கேட்டார்கள். அதற்காக அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தவக்காலத்தின் நடுவில் நடந்தது இது.

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர், திருவிழா வரி முதல் கல்லறை வரை தாங்கள் ஒதுக்கப்படுவதாகச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போக, 2025 பிப்ரவரியில் அது நோட்டீஸ் அனுப்பியது.

திருச்சபைத் தலைமைகளுக்கு இது தெரியாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, கிறிஸ்தவர்களுக்கிடையே சாதி மனப்பான்மையின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் நேரடியாகவே பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்று அறிவித்தது. எங்கள் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளின் பக்கத்தில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாரும் பரட்டை என்று அழைத்தவர், ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்று நாட்டுப்புற மெட்டில் பாடிப் பாடிக் கற்பித்தார். அவரிடம் படித்தவர்கள் இன்று பல சேகரங்களில் ஆயர்கள். ஆனாலும் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) சேர்ந்து உட்காரும் பல குடும்பங்கள் பெண் கொடுக்கும்போது சேர்ந்து உட்காருவதில்லை. திருமண விளம்பரங்களில் 'சி.எஸ்.ஐ.' (தென்னிந்தியத் திருச்சபை) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயரும் நிற்கிறது.

இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலித் மக்கள் இந்தச் சபைக்கு யாரோ கொண்டுவந்து சேர்த்தவர்கள் இல்லை. குமரி மாவட்டம் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் மெய்யான கடவுளைத் தேடிச் சிதம்பரம் வரை யாத்திரை போனவர். தஞ்சையில் சுவிசேஷத்தைக் கேட்டு வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தன் மக்களுக்குப் போதகர் வேண்டும் என்று அவரே கேட்டார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் அங்கே வந்தது அதன் பிறகுதான். தென் திருவிதாங்கூரின் சீர்திருத்தச் சபை ஒரு பறையரின் தேடலில் பிறந்தது. "சலுகைக்காக மதம் மாறினார்கள்" என்று இன்று பேசுகிறவர்கள், அவர் எந்தச் சலுகையைத் தேடி நடந்தார் என்று சொல்ல வேண்டும்.

இரண்டு பெயர், ஒரு வாழ்க்கை

மூன்றாம் பத்தி செய்திருக்கும் இன்னொரு காரியத்தை ஆயர்களாகிய நாங்கள்தான் அருகில் இருந்து பார்க்கிறோம். அது மக்களை இரட்டை வாழ்க்கைக்குத் தள்ளுகிறது. சான்றிதழில் 'இந்து ஆதிதிராவிடர்', ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் பாட்டுப் புத்தகம். பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். திருமணப் பதிவின்போது தகப்பனார் ஆயரின் முகத்தைப் பார்ப்பார். எழுதாமல் விட முடியுமா என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார், கண்தான் கேட்கும்.

பதிவேடு எவ்வளவு கனமான பொருள் என்பதைத் தேவிகுளம் வழக்கு காட்டியது. கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற ஏ. ராஜா, தேயிலைத் தோட்ட வேலைக்குத் தமிழகத்தில் இருந்து போன குடும்பத்தில் வந்தவர். அவர் கிறிஸ்தவர், தனித்தொகுதியில் நிற்கத் தகுதி இல்லை என்று வழக்கு வந்தது. ஒரு சி.எஸ்.ஐ. சபையின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாம் நீதிமன்ற மேசைக்குப் போயின. திருமணப் படங்களையும் பார்த்தார்கள். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அவர் தேர்தல் செல்லும் என்றது. இறந்தவரை எங்கே புதைத்தார்கள் என்பதை வைத்து, உயிரோடிருக்கும் மகனின் உரிமையை அளந்து பார்க்கும் இடத்துக்கு இந்த நாடு வந்திருக்கிறது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகப் பேசியது. குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்துக்குத் தவறாமல் போய்க்கொண்டே, இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்றது. சட்டத்தின் எழுத்துப்படி நீதிபதிகள் அப்படிச் சொல்ல இடமிருக்கலாம். ஆனால் என் சபையில் இருக்கும் அப்படிப்பட்டவரை மோசடிக்காரர் என்று நான் அழைக்கமாட்டேன். சீரியப் படைத்தலைவன் நாகமானைத்தான் நினைத்துக்கொள்கிறேன். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பிறகு அவன் எலிசாவிடம் ஒரு காரியம் சொன்னான். என் எஜமான் ரிம்மோன் கோவிலில் பணியும்போது நானும் அவரோடு பணிய வேண்டியிருக்கும், இதைக் கர்த்தர் எனக்கு மன்னிப்பாராக என்றான். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. "சமாதானத்தோடே போ" என்றான். வயிற்றுப்பாட்டுக்கும் விசுவாசத்துக்கும் நடுவில் நிற்கிறவனைப் பார்த்து ஒரு தீர்க்கதரிசி சொன்ன வார்த்தை அது. அப்படி ஒரு நிலையில் அவனை நிறுத்திவைத்திருப்பவர்களுக்கு வேறு வார்த்தை சொல்ல வேண்டும்.

எதிர்வாதங்கள்

தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியல் சாதிகளில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை பழையது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. உறுப்பினர் செயலர் ஒருவர் மட்டும் மாறுபட்டார். தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காக 2008இல் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே செய்த ஆய்வு, தலித் கிறிஸ்தவர், தலித் முஸ்லிம் ஆகியோரின் நிலை மற்ற தலித்துகளின் நிலையில் இருந்து வேறுபடவில்லை என்றது. 1985இல் சூசையிடம் கேட்ட ஆய்வு இதுதான் என்று சொல்லலாம். மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004இல் தொடுத்த வழக்கு இருபது ஆண்டு கடந்தும் உச்ச நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. 2022இல் ஒன்றிய அரசு மிஸ்ரா அறிக்கையை ஏற்கவில்லை என்று சொல்லி, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையத்தை அமைத்தது. அதற்கும் கால நீட்டிப்புகள் வந்தன. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் கோரிக்கையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 அன்று தலித் கிறிஸ்தவர்கள் கருப்பு தினம் கடைப்பிடிக்கிறார்கள்.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் ஒன்றை நான் மதிக்கிறேன். பட்டியல் சாதிப் பங்கு இப்போதே போதவில்லை, இன்னும் ஆட்கள் வந்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று இந்து தலித் சகோதரர்கள் கேட்கிறார்கள். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, ஒதுக்கீடு 18. ஆளைக் கூட்டிப் பங்கைக் கூட்டாமல் விடுவது அநியாயம்தான். ஆனால் தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே பிற்படுத்தப்பட்டோர் பங்கில் எண்ணப்படுகிறார்கள். அவர்கள் அங்கிருந்து இங்கே வரும்போது அவர்களுக்கு உரிய பங்கும் கூடவே வர வேண்டும் என்று கேட்பதுதான் முறை. அந்தக் கேள்வியைச் சபைகள் தலித் இயக்கங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். மேடையில் பேரணி நடத்தினோம், மேசையில் உட்காரவில்லை.

மற்ற வாதம், கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்பது. இதைச் சொல்லும் அரசு வழக்கறிஞருக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்களே. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனத்தைச் சுவரில் எழுதிவைத்தோம். அந்த வசனம் எந்தச் சூழலில் வந்தது என்பதைச் சொல்லத் தவறினோம். அதற்கு முந்தின அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதாரோடு) ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடத்தில் இருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து தனியே போய்விட்டார். பர்னபாவும் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகமுகமாய் பேதுருவை எதிர்த்தார். பந்தி பிரிந்த இந்தச் சம்பவத்தைச் சொல்லும் நிருபத்தில்தான் அந்த வசனம் இருக்கிறது. சபையில் வேறுபாடு இல்லை என்று அறிக்கை கொடுப்பதற்காகப் பவுல் அதை எழுதவில்லை. வேறுபாடு காட்டிய தலைவர்களைக் கண்டித்து, இனி இருக்கக் கூடாது என்பதற்காக எழுதினார். இந்த வசனத்தை வைத்து "எங்களிடம் சாதி இல்லை" என்று சொல்வது, பேதுரு எழுந்து போன நாற்காலியை மறைத்துவைப்பதாகும்.

சாதியைச் சபைக்குள் ஒப்புக்கொண்டால் கோரிக்கை பலவீனப்படும் என்று சில தலைவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். சூசை தீர்ப்பைப் படித்தவர்கள் அப்படி நினைக்க முடியாது. கோரிக்கைக்கு உயிர்கொடுப்பதே அந்த ஒப்புதல்தான். ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டுக் கைகட்டி நிற்கவும் முடியாது. உங்கள் வீட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்.

அதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது. எருசலேம் சபையில் அன்றாடப் பந்தி விசாரணையில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூத விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் புகாரை மறுக்கவில்லை. சபையின் பெயர் கெட்டுவிடும் என்று அமுக்கவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, பந்தி விசாரணையையே அந்த எழுவர் கையில் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். நிக்கொலா அந்தியோகியாவில் இருந்து யூத மார்க்கத்துக்கு மாறி வந்தவர். முறையிட்ட பக்கத்தாரிடமே பொறுப்பு போனது.

எங்கள் திருமண்டலங்கள் (சி.எஸ்.ஐ. மறைமாவட்டங்கள்) கையில் பள்ளிகள் இருக்கின்றன, கல்லூரிகள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன. கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது. இந்த நிறுவனங்களில் யாரை நியமிப்பது என்பதைத் தீர்மானிக்க மூன்றாம் பத்தி குறுக்கே நிற்கவில்லை. அந்த இடங்களில் தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர், நிர்வாகக் குழுக்களில் எத்தனை பேர், பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் எத்தனை என்ற கணக்கை ஒவ்வொரு திருமண்டலமும் ஒவ்வொரு மறைமாவட்டமும் எடுத்து வெளியிட வேண்டும். நீதிமன்றத்துக்கும் ஆணையங்களுக்கும் அனுப்பும் மனுக்களோடு அந்தக் கணக்கையும், அதை மாற்ற ஒப்புக்கொண்ட தேதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.